இடப்பக்கம் சாய்ந்த பாட்டு

ஜெயாவ், ஷில்லாங்
9 மார்ச் 1997

லம்போக்,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் 'நலம்' என்று ஒரே சொல்லில் பதில் போடுவாய். அதனால் கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாய்மாமா போய்விட்டார். பதறாதே, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். ஜோவாயில் பெண்டாட்டி வீட்டோடு இருக்கப் போய்விட்டார். "எனக்கும் அங்க ஒரு வீடு இருக்குல்ல" என்று முப்பது வருடம் கழித்து ஞாபகம் வந்திருக்கிறது. பின்னறை காலி.

அந்த அறைக்காகத்தானே நாம் சண்டை போட்டோம். உன் பாட்டுகளைப் பதிவு செய்ய ஓர் இடம் கேட்டாய். மாமாவை அங்கிருந்து கிளப்ப முடியாது என்றேன். "இந்த வீட்டுல நான் யாரோ பெத்த பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டு, பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மஸ்கட்டில் ஏதோ ஹோட்டல் வாத்தியக் குழுவுக்குப் போய்விட்டாய். நம் வழக்கப்படி கடைசி மகள் என்பதால் வீடு எனக்கு வந்தது, புருஷனாக நீ அதில் குடிவந்தாய். அது என் குற்றமா? இப்போதும் கேட்கிறேன். ஆனால் நீ கேட்டது வீட்டை இல்லை, ஓர் அறையை மட்டும்தான் என்பதும் இப்போது புரிகிறது.

நேற்று அங்கே போய் நின்றேன். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. கட்டில் கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வந்த வழியே போய்விட்டது. ஸ்டுடியோ என்றால் எப்படி இருக்கும் என்று நாலாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? நீ எழுது. நான் செய்கிறேன்.

ரிதாஹுன்


மஸ்கட்
27 மார்ச் 1997

ரிதா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. 'பின்னறை காலி' என்ற வரியிலேயே மனது போய் உட்கார்ந்துகொண்டது.

இங்கே தினமும் அதே இருபது பாட்டு. யாரும் கேட்பதில்லை, சாப்பிடுகிறார்கள். வாசித்துக்கொண்டே நான் அந்த அறையைக் கட்டிக்கொண்டிருப்பேன். எத்தனையோ முறை மனதுக்குள் கட்டிவிட்டேன். அதனால் எனக்கு அதன் அளவெல்லாம் மனப்பாடம்.

முதலில் அறையில் ஒரு சாமான்கூட இல்லாமல் எடுத்துவிடு. நடுவில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டு. அதற்குப் பிறகு என்ன கேட்கிறது என்று கவனி. 'டர்ர்ர்' என்று சத்தம் சுவருக்குச் சுவர் ஓடினால் துணி வேண்டும். மெத்தை, கம்பளி, எது கிடைத்தாலும் சரி. கனத்த ஓசையெல்லாம் மூலையில் போய்த் தேங்கும், அங்கே மூட்டை வை. பின்சுவரில் உன் புத்தக அலமாரி. புத்தகங்களை ஒழுங்காக அடுக்காதே, முன்னும் பின்னுமாக இருக்கட்டும். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொள். இரண்டு ஸ்பீக்கர், கேட்பவரின் தலை, இந்த மூன்றும் சமபக்க முக்கோணம். கணக்கு டீச்சருக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

தகரக் கூரைக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. ஜூன் வந்தால் அந்த அறையில் பேசுவதுகூடக் கேட்காது.

லம்போக்


ஜெயாவ்
20 ஏப்ரல் 1997

லம்போக்,

கை தட்டினேன். நீ சொன்ன 'டர்ர்ர்' ஓடியது. மறுபடி தட்டினேன். யாரோ பக்கத்தில் நின்று கேலி செய்கிற மாதிரி இருந்தது.

இயூடூ சந்தைக்குப் போய்ப் பழைய கம்பளிக் கோட்டாகப் பார்த்து மூன்று மூட்டை வாங்கினேன். எங்கெங்கோ நாட்டுக்காரர்கள் போட்டுக் கழித்தது. சிலவற்றில் இன்னும் அத்தர் வாசம். பக்கத்து வீட்டு அக்கா, கோங் பிடாலிஸ், வாசலிலேயே குவாய்ப் பாக்கு மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடி ரிதா, புருஷன் திரும்பி வரதுக்குள்ள இத்தனை கோட்டா? யாருக்கு?"

"செவுத்துக்கு, கோங்."

"ஓ! செவுத்துக்குக் குளிருதாக்கும். என் செவுரும் மூணு நாளா தும்முது, ஒண்ணு குடுத்துட்டுப் போ."

கோட்டுகளைப் பிரித்து மூலைகளில் திணித்தேன். ஒரு சுவர் முழுக்கக் கருநீலக் கோட்டுகளை வரிசையாக ஆணியில் மாட்டினேன். மங்கல் வெளிச்சத்தில் உள்ளே போனால், ஒரு கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டுக்குக் காத்திருப்பது போல் இருக்கிறது. கூரைக்குத் தச்சர் அண்ணன், பாஹ் வெல்லிங், வழி சொன்னார். தகரத்துக்கும் பலகை மச்சுக்கும் நடுவில் மரத்தூள் மூட்டைகள். நாற்பத்தொரு மூட்டை. பாதியை நான்தான் ஏணியில் ஏற்றினேன்.

இன்று மறுபடி கை தட்டினேன். தட்டிய சத்தம் கையிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஒரு தொல்லை. பழைய டேப்ரிக்கார்டரில் ஸ்பீக்கரை மாட்டினால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். சர்ச்சில் வரி மறந்த ஆள் வாயை மூடிக்கொண்டு சுதியை மட்டும் பிடித்து நிற்பாரே, அது மாதிரி. என்ன செய்ய?

ரிதா


மஸ்கட்
8 மே 1997

ரிதா,

சிரித்துக்கொண்டே படித்தேன். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுக் கேள். முனகல் பாதி குறைந்தால் விளக்கை மாற்று. மீதி நிற்காவிட்டால் வீட்டில் எர்த் சரியில்லை. குழாயடியில் மண் எப்போதும் ஈரமாக இருக்குமே, அங்கே செம்புக் கம்பியை ஆழமாக இறக்கச் சொல்.

இங்கே ஹோட்டலில் வேலை பார்க்கும் நம்மூர் வன்ஷாய் விடுமுறையில் ஊருக்கு வருகிறான். அவனிடம் பதிவுக் கருவி, ஒரு மைக், ஒரு ஹெட்போன் கொடுத்து அனுப்புகிறேன். கேசட்டில் ஓடுவதுதான், ஆனால் நான்கு தடம் உண்டு. முதல் தடத்தில் கிட்டாரைப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் குரலைப் பதியலாம். ஒரே ஆள் நாலு பேராகலாம்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அதுவரை தூசி படாமல் துடைத்து வை.

லம்போக்


ஜெயாவ்
13 ஜூலை 1997

லம்போக்,

கருவி வந்து ஐந்து வாரம் ஆகிறது. துடைத்து வைக்கச் சொன்னாய், துடைத்தேன். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டு ஹெட்போனைப் போட்டுக்கொண்டேன். பைன் மரத்தில் காற்று நுழைகிற இடமும் வெளியே வருகிற இடமும் தனித்தனியாகக் கேட்டன. பீர்க்கங்கொடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், கோங் பிடாலிஸ் குவாயைத் துப்புவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு, என் தொண்டையில் எச்சில் இறங்குவது எல்லாம் கேட்டன. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் அதைப் பார்த்த மாதிரி இருந்தது. கழற்றினால் எல்லாம் தூரத்துக்குப் போய்விடுகிறது. சில நாள் பள்ளிக்குப் போகவே நேரமாகிவிடுகிறது.

இன்னொன்று. ஜடோ சோற்றுக் கடையில் வேலை பார்க்கும் தெய்மோனும் அவள் தோழிகள் மூவரும் பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். வன்ஷாய் அவர்களிடம் உளறியிருக்கிறான். வந்து நின்றார்கள்.

"கோங், எங்க வீட்டுல பாடினா அக்கம்பக்கத்துல கல்லு விடுறாங்க. சர்ச்சுல பாடினா ட்ரம்ஸ் கூடாதுங்கிறாங்க. நாங்க எங்கதான் போறது?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா?"

அஞ்சரை மணிக்கே வரச் சொன்னேன். நன்றாக விடிந்திருக்கும், மழையும் டாக்சிகளும் வந்திருக்காது. முதல் நாள் பதிந்தது வாளிக்குள் பாடியது போல் இருந்தது. தெய்மோனை இரண்டடி பின்னால் நிற்க வைத்தேன். மைக்கை நேரே வாய்க்கு எதிரே வைக்காமல் கொஞ்சம் சாய்த்தேன். நாலாம் நாள் அவள் குரல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. மரத்தூளுக்கு மேலே மழை பிடித்ததும் பாட்டு முடிந்ததும் ஒரே நேரம். மழை எங்கோ பக்கத்து ஊரில் பெய்வது போலிருந்தது.

ரிதா


மஸ்கட்
2 ஆகஸ்ட் 1997

ரிதா,

அந்தக் கருவி என் இரண்டு வருட உழைப்பு. என் பாட்டு ஒன்றுகூட அதில் இன்னும் ஏறவில்லை. அதற்குள் ஜடோ கடைக் கூட்டம் ஏறிவிட்டது. மைக்கில் எச்சில் பட்டால் கெட்டுப்போகும். கேசட் உரசுகிற ஹெட் தேயும். இதெல்லாம் உனக்குத் தெரியாது.

நான் வரும்வரை மூடி வை.

லம்போக்


ஜெயாவ்
19 ஆகஸ்ட் 1997

லம்போக்,

மூடி வைக்க மாட்டேன்.

கருவி உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். மரத்தூள் மூட்டையை முதுகில் ஏற்றியது யார்? சேற்றில் நின்று செம்புக் கம்பி இறக்கியது யார்? மைக்குக்கு முன்னால் பழைய நைலான் காலுறையை வளையத்தில் கட்டி எச்சில் படாமல் தடுத்திருக்கிறேன். ஹெட்டை வாரம் ஒருமுறை ஸ்பிரிட்டில் துடைக்கிறேன். தெரியாது என்று எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

'யாரோ பெத்த பிள்ளை' என்று நீ சொன்னது இன்னும் எனக்குள் கிடக்கிறது. அப்படி உன்னை நினைக்க வைத்தோமே என்று வெட்கப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த அறையில் நீ என்னை யாரோ பெற்ற பெண்ணாக்குகிறாய். எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரிகிறது.

கிறிஸ்துமஸுக்கு வா. நேரில் சண்டை போடலாம். அந்த அறையில் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது.

ரிதாஹுன்


மஸ்கட்
16 டிசம்பர் 1997

ரிதா,

வர முடியவில்லை. பண்டிகைக் கூட்டம், ஹோட்டலில் விடமாட்டேன் என்கிறார்கள். ஆகஸ்டில் எழுதியதற்கு வருந்துகிறேன். நாலு மாதம் எடுத்தது இதை எழுத.

கூட ஒரு கேசட் இருக்கிறது. கீபோர்டு வாசிப்பவன் தன் அறையில் உன்னிடம் இருப்பது போலவே ஒரு கருவி வைத்திருக்கிறான். அவன் ஊருக்குப் போயிருந்தபோது நான் தனியாக உட்கார்ந்து செய்த பாட்டு. எல்லா வாத்தியமும் நான்தான். எது எவ்வளவு ஓங்கிக் கேட்க வேண்டும் என்ற ஏற்ற இறக்கமும் நானே வைத்தேன். உன் அறையில், உன் முக்கோணத்தில் உட்கார்ந்து கேள். உன்னைத்தான் கேட்கிறேன். நல்லா இருக்கு என்று மட்டும் எழுதாதே.

லம்போக்


ஜெயாவ்
25 ஜனவரி 1998

லம்போக்,

பாட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. தினமும் கேட்கிறேன். மெட்டு என்னை எங்கோ மலைச்சரிவில் கூட்டிக்கொண்டு போகிறது. புல்லில் படுத்துக்கொண்டு மேகம் தலைக்கு மேலே போவதைப் பார்ப்பது போல. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பாட்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

முதலில் என் ஸ்பீக்கர்தான் என்று நினைத்தேன். கம்பிகளை மாற்றிப் போட்டேன், வலப்பக்கம் சாய்ந்தது; ஆக ஸ்பீக்கர் இல்லை. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன், அதுவும் அப்படியே. கோங் பிடாலிஸ் வீட்டு செட்டிலும் போட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இடப்பக்கம் ஓங்கி நிற்கிறது. அதுவும் அந்தப் பக்கத்துச் சிறுமணி ஓசையெல்லாம் ஊசி மாதிரி குத்துகிறது. அவ்வளவு கூச்சலாக நீ வைக்கவே மாட்டாய். ஒரு மயிரிழை கூடினாலும் முகம் சுளிக்கிறவன் நீ.

நாலு நாள் யோசித்தேன். புத்தாண்டன்று பக்கத்து வீட்டு போனில் பேசினாயே, "என்ன? என்ன? லைன் சரியில்ல" என்று நாலு தடவை சொன்னாய். பிறகு ரிசீவரை மாற்றிப் பிடித்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட 'என்ன' என்று கேட்கவில்லை.

லம்போக், உன் இடது காது கேட்கிறதா?

ரிதா


மஸ்கட்
29 மார்ச் 1998

ரிதா,

உன் கடைசி வரியை மட்டும் கிழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

கேட்கவில்லை. கொஞ்சம் கேட்கிறது, மூட்டைக்குள்ளிருந்து கேட்பது போல. மெல்லிய உச்ச ஓசைகள் சுத்தமாக இல்லை. ஜூலையில் டாக்டரிடம் போனேன்.

"ட்ரம்ஸ் பக்கத்துல எத்தனை வருஷமா நிக்கறே?"

"பன்னெண்டு."

"எப்பவும் அது உன் இடப்பக்கம்தானா?"

"ஆமா சார்."

"போனது திரும்பாதுப்பா. இருக்கறத காப்பாத்திக்கோ."

அன்று சாயங்காலம்தான் தெய்மோன் குரல் கதவைத் திறந்துகொண்டு வந்தது என்ற உன் கடிதம் கையில் கிடைத்தது. அதற்குத்தான் அப்படி ஒரு பதில். இப்போது தெரிகிறதா?

செப்டம்பரில் மேடையில் இரண்டு முறை தப்பான இடத்தில் நுழைந்தேன். மரியாதையாகவே விலக்கினார்கள். அதே ஹோட்டலில் கிடங்கில் இருக்கிறேன், மேஜைவிரிப்புகளை மடித்து அடுக்குகிறேன். பண்டிகைக் கூட்டம் என்று எழுதியது பொய். நீ கட்டிய அறைக்கு வந்து நான் என்ன செய்வேன்? அங்கே கேட்கத் தெரிந்தவர்கள்தான் உட்காரலாம்.

அந்தப் பாட்டைக் கீபோர்டுக்காரன் கேட்டான், வன்ஷாயும் கேட்டான். பிரமாதம் என்றார்கள். நீ ஒருத்திதான் கண்டுபிடித்தாய். எனக்குப் பயமாக இருந்தது, ரிதா. கூடவே, எப்படிச் சொல்ல, பெருமையாகவும் இருந்தது.

லம்போக்


ஜெயாவ்
14 ஏப்ரல் 1998

லம்போக்,

படித்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல அறை. கோங் பிடாலிஸுக்குக்கூடத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளி விடுமுறை. இடது காதில் பஞ்சைத் திணித்து மெழுகு வைத்து அடைத்துக்கொண்டு இயூடூ சந்தைக்குப் போனேன். யாரோ "கோங் ரிதா" என்று கூப்பிட்டார்கள், எதிர்ப்பக்கம் திரும்பினேன். கூடை சுமந்து வந்தவர் வழிவிடச் சொல்லிக் கத்தியிருக்கிறார். இடித்த பிறகுதான் தெரிந்தது. உலகம் முழுக்க ஒரே பக்கமாக வந்து குவிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒன்பது மாதம் அங்கே தனியாக நடமாடியிருக்கிறாய்.

பிறகு, பஞ்சை எடுக்காமலே, உன் பாட்டைப் போட்டேன்.

அது நடுவில் இருந்தது, லம்போக். குத்திய மணியெல்லாம் மெல்ல, பனி விழுவது மாதிரி விழுந்தது. எதுவும் சாயவில்லை. அவ்வளவு அழகு. நீ கேட்ட பாட்டை நானும் கேட்டுவிட்டேன்.

இனி அதை மற்றவர்களும் கேட்க வேண்டும். நான்கு தடமும் உள்ள கேசட்டைக் கொண்டு வா, நான் மறுபடி கலக்கிறேன். கூடவே ஆளும் வா. நீ கேட்பதற்காகத்தான் இங்கே வேண்டும் என்று யார் சொன்னது? உனக்கு மெட்டு வருகிறது, அறையின் குணம் தெரிகிறது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிகிறது. எனக்கு அதெல்லாம் பாதிதான் தெரியும். ஸ்டுடியோ யாருடையது என்று வந்த பிறகு பேசலாம். மேஜைவிரிப்பை அவர்களே மடித்துக்கொள்ளட்டும்.

ரிதா


ஜெயாவ்
11 ஜூன் 1998

ரிதா,

துராவில் டீச்சர்களுக்கெல்லாம் மறுபடி பாடம் எடுக்கிறார்களாமே, நன்றாகப் படிக்கிறாயா? நீ போய் ஆறு நாள்தான் ஆகிறது, வீடு அதற்குள் அகலமாகிவிட்டது. நான் ஊருக்கு வந்து ஐந்து வாரம். அதில் இவ்வளவு அமைதியான வாரம் இதுதான்.

நேற்று தெய்மோன் கூட்டம் வந்தது. நான்தான் இருந்தேன். ட்ரம்ஸை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, உனக்குக்கூடக் கடிதத்தில்தானே சொன்னேன். நேற்று சொன்னேன்.

"எனக்கு இடது காது கேக்காது. வலதைக் காப்பாத்தணும். அதனால என் இடப்பக்கமா வைங்க. அதுல இனிமே கெட ஒண்ணுமில்ல."

ஒருத்தரும் பாவம் என்று பார்க்கவில்லை. தெய்மோன், "அதான் பாஹ் இப்படிக் கத்திப் பேசுறீங்களா? நாங்க கோபக்காரர்னுல்ல நெனச்சோம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ரொம்ப நேரம் சிரித்தோம்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பலகைத் தரையில் நின்றேன். பேஸ் ஒலி உள்ளங்கால் வழியாக ஏறியது. பேஸ் வாசிக்கிற பெண் எங்கே முந்துகிறாள், எங்கே தயங்குகிறாள் என்று காலுக்கே தெரிந்தது. அவளைக் கோட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்தினேன், சரியாயிற்று. பாதியில் பெருமழை பிடித்தது, மைக்கில் லேசாக ஏறுகிறது என்று நிறுத்தினோம். ஆளுக்கு ஒரு குவளை டீயோடு உட்கார்ந்திருந்தோம். மழை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. தெய்மோன் ஜன்னலைக் காட்டினாள். வெளியே எல்லாம் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனோ வருத்தமாக இல்லை.

ஐந்து பதிவு கேசட்டில் இருக்கிறது. ஏற்ற இறக்கத்தைத் தொடவில்லை. அது உன் வேலை.

நீ கலந்து கொடுத்த என் பாட்டையும் போட்டுக் காட்டினேன். இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அது வலப்பக்கம் சாய்ந்துதான் கேட்கிறது. இருக்கட்டும். நீ நடு என்று சொன்னால் அதுதான் நடு.

உனக்குக் கோட்டு விற்ற கம்பளி வியாபாரி இன்று வழியில் பிடித்துக்கொண்டான். "நீங்கதானா ஸ்டுடியோக்காரம்மா வீட்டுக்காரர்?"

"ஆமா," என்றேன். "நானும் அங்கதான் வேலை பாக்கறேன்."

அடுத்த வாரம் சனிக்கிழமை நீ வரும்போது பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். கூட்டமாக இருக்கும். தூரத்திலிருந்து கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் சுற்றிச் சுற்றித் திரும்புவேன், உனக்குச் சிரிப்பு வரும். கூப்பிடாதே. வலப்பக்கமாக வந்து நில்.

லம்போக்